இடியார் சத்தத்தைக் குறைத்த கதை

இடியார் என்றால் அந்தத் தெருவில் தெரியாதவர் கிடையாது. பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டைக்குள் பத்திரமாக இருந்தது. வெளியே நடமாடியதெல்லாம் இடியார்தான். தெருமுனைத் தியேட்டரில் அவர் ஆபரேட்டர். திரையில் இடி இடித்தால் எதிர்ச்சாரிப் பாத்திரக் கடையில் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். கடைக்காரர் ஆரம்பத்தில் சண்டைக்கு வந்தார். போகப் போக அவருக்கே அது பழகிவிட்டது. "என்ன இடியாரே, புதுப் படம் சுமார்தான் போல. ஒரு டம்ளர்கூட ஆடலையே" என்று விசாரிக்கிற அளவுக்கு வந்துவிட்டார். இடியாருக்கு அதைவிடப் பெரிய விருது தேவைப்படவில்லை.

பழைய ஆபரேட்டர்கள் நாலு பேர் கூடினால் ஃபிலிம் சுருள் காலத்தைச் சொல்லிப் பெருமூச்சு விடுவார்கள். இடியார் அந்தக் கோஷ்டியில் சேரமாட்டார். சுருள் பெட்டியை மாடிக்குத் தூக்கியே முதுகு போனவர் அவர். "கம்ப்யூட்டர் வந்த பிறகுதான் நான் நிமிந்தே நடக்கிறேன். இதுல என்னய்யா அழுகை?" என்பார். படத்தை ஓட்டுவது, விளக்கை அணைப்பது, இடைவேளை விடுவது எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டது. மனுஷன் கைக்கென்று மிச்சமிருந்தது சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ஒரு குமிழ். அதற்கு மேலே சிவப்பாக ஓர் எண் ஒளிரும். அந்த எண்ணின் மேல் இடியார் கறுப்பு டேப்பை ஒட்டி மறைத்து வைத்திருந்தார். நம்பரைப் பார்த்துச் சத்தம் வைக்கிறவன் கணக்குப்பிள்ளை, காதால் வைக்கிறவன்தான் ஆபரேட்டர் என்பது அவர் கட்சி.

சிக்கல் அந்தக் காதில்தான் இருந்தது. இத்தனை வருஷம் அந்தச் சத்தத்துக்குள் குடியிருந்த காது எந்த நிலையில் இருக்கும் என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இடியாருக்குக் காது மந்தம் என்பது பாத்திரக் கடைக்காரர் முதல் பாப்கார்ன் போடும் பெண்வரை எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. இடியாரிடம் கேட்டால் வேறு விளக்கம் கிடைக்கும். "இந்தக் காலத்துல எவனுக்கும் வாயைத் தெறந்து பேசத் தெரியல. எல்லாம் மென்னு முழுங்குதுங்க."

அவர் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். எப்பேர்ப்பட்ட பயந்தாங்கொள்ளியும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் ஸ்டியரிங்கைத் தைரியமாகப் பிடிப்பார். அவ்வளவு நிதானம், அவ்வளவு மெதுவான குரல். அவர் உட்காரும் இடத்தில் காலுக்கடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. அந்தப் பழக்கத்தில் வீட்டில் கணவர் வாயைத் திறந்தாலே அவர் வலது கால் தானாகத் தரையை ஓங்கி அழுத்தும். காது மந்தமான கணவரால் ஒரு சௌகரியமும் அவருக்கு இருந்தது. கணவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, கணவரைப் பற்றிய தன் அபிப்பிராயங்களைக் கணவரிடமே தாராளமாகச் சொல்லலாம். "சாப்பிட்ட தட்டைக் கழுவி வைக்கத் தெரியல, தியேட்டரையே தூக்கி நிறுத்துறாராம்" என்று அவர் சொல்லிக்கொண்டே போவார். இடியார் பத்திரிகையைப் புரட்டிக்கொண்டே தலையாட்டுவார்.

அந்த வீட்டில் மூன்றாவதாக ஓர் ஆள் உண்டு. மனைவியின் தம்பி. இடியாருக்கு மச்சினன். நாற்பதைத் தொடப்போகிறவன். மாமியார் போன பிறகு இவர்களோடு வந்துவிட்டான். ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளை மடிப்பது அவன் வேலை. அவன் மடித்த விரிப்புகளை அடுக்கி வைத்தால் சுவர் எழுப்பியது மாதிரி நிற்கும். அங்கே துணி காய்ந்ததும் மணி அடிக்கிற இயந்திரம் ஒன்று இருந்தது. மணி அடிக்கும்போதெல்லாம் அவன் மேசைக்கடியில் போய் உட்கார்ந்துவிடுவான் என்று தெரிந்ததும், அங்கிருந்த மேற்பார்வையாளர் மணியைக் கழற்றிவிட்டுச் சிவப்பு விளக்கு ஒன்றை மாட்டிக் கொடுத்தார். அதற்குப் பிறகு ஒரு தொந்தரவும் இல்லை. ஆட்டிசம் என்று சின்ன வயதிலேயே டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். அக்காவுக்கு அந்த வார்த்தை மேல் கோபமும் இல்லை, கொஞ்சலும் இல்லை. "அவனுக்குச் சத்தம் வலிக்கும். அவ்வளவுதான்" என்பார்.

சத்தம் வலிக்கிற அந்த ஆளுக்குச் சினிமா என்றால் உயிர். வீட்டில் சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டுப் படம் பார்ப்பான். சன்னலிலிருந்து சுவர்வரை, சுவரிலிருந்து சன்னல்வரை நடந்துகொண்டே பார்ப்பான். சிரிக்க வேண்டிய இடத்தில் சரியாகச் சிரிப்பான். அத்தானுக்கு மத்தியானச் சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டுவந்தால் தியேட்டர் வாசலில் போஸ்டரைப் பார்த்தபடி அரை மணி நேரம் நிற்பான். வாசற்படியைத் தாண்டியது மட்டும் கிடையாது.

அதனால் அந்த வீட்டில் ஒரு வழக்கம் ஏற்பட்டிருந்தது. புதுப் படம் வந்த மறுநாள் காலை, காப்பி முடிந்ததும், இடியார் முழுக் கதையையும் சொல்வார்.

"அத்தான், மொதல்ல முடிவு சொல்லுங்க. அப்புறம் ஆரம்பிங்க."

"முடிவு தெரிஞ்சா அப்புறம் என்னப்பா ருசி?"

"தெரியலன்னா பயமா இருக்கும். பயமா இருந்தா எப்படி ருசிக்கும்?"

இடியார் முடிவைச் சொல்வார். மச்சினன் அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். இடியார் இங்கிருந்து கதை சொல்வார். குதிரை ஓட்டம், துப்பாக்கி, மழை, கதாநாயகி அழுகை எல்லாம் அவர் வாயாலேயே வரும். உள்ளேயிருந்து கதவை ஒரு தடவை தட்டினால் மேலே போகலாம். இரண்டு தடவை தட்டினால் அந்த இடத்தைத் திரும்பச் சொல்ல வேண்டும். சில பேர் கண்ணை மூடிக்கொண்டு பாட்டுக் கேட்பது போல இவன் கதவை மூடிக்கொண்டு கதை கேட்கிறான் என்று இடியார் நினைத்துக்கொண்டார். வேறு காரணம் இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

ஒரு படம், ஒரே ஒரு படம், மச்சினன் தன் தியேட்டரில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பதுதான் இடியாருடைய ஆசை. வெளியே சொன்னதில்லை. ஆனால் புதுப் படம் வரும்போதெல்லாம் ஆபரேட்டர் அறைச் சுவரில் இருந்த ஓட்டை வழியாகக் கீழே இருக்கைகளைப் பார்ப்பார். ஓரத்து இருக்கை ஒன்று காலியாக இருந்தால் மனசு அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும்.

வழி எதிர்பாராத இடத்திலிருந்து பிறந்தது. தியேட்டருக்குப் புதிதாக வந்த மேனேஜர் ஓர் இளம்பெண். அவர் கார் ஓட்டப் படித்தது இடியாரின் மனைவியிடம். வண்டியைப் பின்னால் எடுக்கிற பாடத்தின்போது நடந்த பேச்சை மனைவி வீட்டில் வந்து இப்படிச் சொன்னார்.

"'டீச்சர், உங்க தம்பி நம்ம தியேட்டருக்கு வந்ததே இல்லயா?'ன்னு கேட்டாங்க. கண்ணாடியைப் பாருங்க, வந்ததில்லன்னு சொன்னேன். ஏன் டீச்சர்னாங்க. என் வீட்டுக்காரர் அங்க இருக்காரேன்னு சொன்னேன். சிரிச்சாங்க. வண்டி போய் நடைபாதைல ஏறிருச்சு."

ஏறிய வண்டியை இறக்குவதற்குள் மனைவி மிச்சத்தையும் சொல்லிவிட்டார். சத்தமும் இருட்டும் ஒத்துக்கொள்ளாதவர்கள் எத்தனை வீட்டில் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தியேட்டர் என்பது எப்படி மூடிய கதவாக இருக்கிறது என்றெல்லாம். மேனேஜர் அன்றிரவு தூங்கவில்லையாம். மறுவாரமே ஊழியர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"ஞாயித்துக்கிழமை காலைல ஒரு ஷோ. பேரு இதமான காட்சி. விளக்கு பாதி எரியும். சத்தம் ரொம்பக் குறைவா இருக்கும். விளம்பரம் கிடையாது. கதவு திறந்தே இருக்கும். யார் வேணா நடக்கலாம், பேசலாம், ஆடலாம், வெளிய போய்ட்டுத் திரும்பி வரலாம். யாரையும் அதட்டக் கூடாது."

டார்ச் அடித்து இடம் காட்டுகிறவர் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அதட்டிக்கொண்டே இருந்தவர். அவர் முகம் தொங்கிவிட்டது. "அப்ப எனக்கு என்ன மேடம் வேலை?"

"நீங்களும் உக்காந்து படம் பாருங்க."

"படமா? நானா?" என்றார் அவர், யாரோ தன்னைத் திரைக்குள் தள்ளப்போவது போல.

"இன்னொண்ணு" என்றார் மேனேஜர், இடியார் முகத்துக்கு நேராகத் திரும்பி, வாயை நன்றாகத் திறந்து. "வர்றவங்க ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி இருப்பாங்க. என்ன செஞ்சாலும் விநோதமா பாக்காதீங்க. அது அவங்க பழக்கம்னு விட்டுடுங்க."

இடியார் இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் மனசில் கெட்டியாக முடிந்துகொண்டார். பின்னால் வந்த வினையெல்லாம் அதிலிருந்துதான்.

படத்தைத் தேர்ந்தெடுத்தாயிற்று. பாலைவனத்து ஒட்டகம் ஒன்று கடலைப் பார்க்கக் கிளம்புகிற கார்ட்டூன் படம். வீட்டில் இடியார் கதையைச் சொன்னார். கடலைப் பார்த்துவிடும் என்ற முடிவை முதலில் சொன்னார். பிறகு மணல்புயல், மலைப்பாதை, பாலம், பட்டணம் என்று வரிசையாகச் சொன்னார். கதவு நாலைந்து தடவை இரண்டிரண்டாகத் தட்டப்பட்டது. பிறகு திறந்தது.

"அத்தான், சத்தம் இருக்குமா?"

"இருக்கவே இருக்காது."

"சத்தமே இல்லன்னா மத்தவங்க எப்படிப் பாப்பாங்க?"

"இருக்கும்ப்பா. மெதுவா."

"எவ்வளவு மெதுவா?"

இடியார் யோசித்தார். "நீ விரிப்பு மடிக்கிறப்ப ஒரு சத்தம் வருமே. அவ்வளவுதான்."

மச்சினன் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். விரிப்பு மடிக்கிற சத்தத்தை அவன் காதில் ஓட்டிப் பார்க்கிறான் என்று அக்காவுக்குப் புரிந்தது. "சரி, வரேன்" என்றான். அக்கா அடுப்படிக்குப் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

சனிக்கிழமை இடியார் சத்தத்தைச் சரிபார்த்தார். மேனேஜர் அன்றைக்கு லைசென்ஸ் பரீட்சைக்குப் போய்த் தோற்றுக்கொண்டிருந்ததால் இடியாருக்குத் துணை யாரும் இல்லை. மேலே போய்க் குமிழைத் திருப்புவார். கீழே வந்து நடு இருக்கையில் உட்கார்ந்து கேட்பார். இன்னும் ஜாஸ்தி என்று மறுபடி மேலே போவார். இப்படி ஏறி இறங்கிக் கால் கடுத்த பிறகு, கொசு ரகசியம் பேசுவது போல் ஓர் இடம் அகப்பட்டது. திருப்தியோடு கைகளைத் தேய்த்துக்கொண்டார். வெளியே பாத்திரக் கடைக்காரர், என்ன இது சனிக்கிழமை காலையிலேயே ஷோவா என்று எட்டிப் பார்த்ததை அவர் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நிறையப் பேர் வந்தார்கள். காதில் நீல ஹெட்ஃபோன் போட்ட உயரமான இளைஞன் ஒருவன். ஒவ்வொரு இருக்கையையும் தொட்டு எண்ணிக்கொண்டே நடந்த சிறுமி. தாடி வைத்த பெரியவர் ஒருவர், மகளின் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டு. இருக்கையில் உட்காராமல் திரைக்கு முன்னால் படுத்துக்கொண்ட ஒரு பையன். கூடவே அவர்கள் வீட்டுக்காரர்கள், யாராவது எதையாவது சொல்லிவிடுவார்களோ என்ற பழைய பயம் தோளில் இன்னும் உட்கார்ந்திருக்க, மெல்ல மெல்ல நிமிர்ந்துகொண்டிருந்தார்கள். விளக்கு பாதி எரிந்தது. இடியார் ஓட்டை வழியாகப் பார்த்தார். கதவருகே மனைவி. அவர் பின்னால் இஸ்திரி போட்ட சட்டையில் மச்சினன். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே.

படம் ஆரம்பித்தது. மணல்புயல்.

முதலில் நீல ஹெட்ஃபோன்காரன் இரண்டு கையாலும் ஹெட்ஃபோனை அழுத்தினான். இடியார் அன்போடு தலையாட்டிக்கொண்டார். அது அவங்க பழக்கம். எண்ணிக்கொண்டு வந்த சிறுமி காதைப் பொத்தியபடி இருக்கைக்கடியில் போனாள். பழக்கம். திரைக்கு முன்னால் படுத்திருந்தவன் உருண்டு எழுந்து கதவை நோக்கி ஓடினான். யார் வேணா வெளிய போகலாம்னு மேனேஜரம்மாவே சொல்லியிருக்காங்க. தாடிக்காரப் பெரியவர் மகள் மடியில் தலையைப் புதைத்தார். பாவம், தூக்கம் போல.

பிறகு பெரியவரின் மகளும் காதைப் பொத்துவதைப் பார்த்தார். அவளுக்கும் அதே பழக்கமா என்று யோசித்துக்கொண்டே கண்ணை ஓட்டினார். பின்வரிசையில் டார்ச்காரர். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து இடியாரின் இடியைத் தாங்கிய மனுஷன், அவரும் விரலைக் காதுக்குள் விட்டுக்கொண்டிருந்தார். இடியார் கதவைப் பார்த்தார். மச்சினனின் முகம் சுருங்கிக் கிடந்தது, உள்ளே வைத்த கால் வெளியே போய்க்கொண்டிருந்தது. அடுத்துப் பார்க்கும்போது கதவில் யாரும் இல்லை.

அறைக்கதவு படாரென்று திறந்தது. மேனேஜர் மூச்சு வாங்க நின்றார். "ஃபோன் அடிச்சிக்கிட்டே இருக்கேன் சார், எடுக்கவே மாட்டேங்கிறீங்க!" சுவரில் தொங்கிய ஃபோன் இடியாரின் தலைக்குப் பக்கத்திலேயேதான் இருந்தது. அது அடித்ததே அவருக்குத் தெரியாது. மேனேஜர் குனிந்து குமிழைப் பிடித்துத் திருப்பினார். திருப்பினார். திருப்பிக்கொண்டே இருந்தார்.

"ஏம்மா ஆஃப் பண்றீங்க?" என்றார் இடியார்.

மேனேஜர் தலையை ஆட்டி, கீழே கையைக் காட்டினார். காதுகளிலிருந்து கைகள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. சிறுமி இருக்கைக்கடியிலிருந்து தலையை நீட்டினாள். டார்ச்காரர் திரையைப் பார்த்து எதற்கோ சிரித்தார். திரையில் ஒட்டகம் ஒரு பல்லியிடம் வாயைத் திறந்து திறந்து மூடியது. இடியாருக்கு ஒரு சொட்டுச் சத்தம் இல்லை.

"பேசுதா?" என்று கேட்டார்.

"பேசுது சார்."

"என்ன பேசுது?"

மேனேஜருக்கு அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று புரிந்திருக்க வேண்டும். குரலை உயர்த்தாமல், அவர் முகத்துக்கு நேராக நின்று சொன்னார். "கடல் எந்தப் பக்கம்னு கேக்குது."

இடியார் மேனேஜரை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டுப் படிகளில் இறங்கினார்.

பயிற்சிப் பள்ளியின் கார் மரத்தடியில் நின்றிருந்தது. மனைவி ஸ்டியரிங்குக்குப் பின்னால். மச்சினன் பின்னிருக்கையில், கண்ணாடிகள் எல்லாம் ஏற்றிய நிலையில். இடியாரைப் பார்த்ததும் கண்ணாடியை ஒரு விரலளவு இறக்கினான்.

"அத்தான், நீங்க பொய் சொன்னீங்க. விரிப்பு சத்தம்னு சொன்னீங்க. அது விரிப்பு இல்ல."

"பொய் இல்லப்பா."

"பொய்தான்."

இடியார் காரின் மேல் கையை ஊன்றிக்கொண்டார். சொல்லிவிட்டால் மேலே அந்த அறை தனக்கு இல்லை என்று ஆகிவிடுமோ என்று பயந்தார். சொல்லாவிட்டால் இந்தக் கண்ணாடி இன்னொரு விரலளவு இறங்கப்போவதில்லை என்பதும் தெரிந்தது.

"எனக்குக் காது கேக்கலப்பா. விரிப்பு சத்தம் அளவுக்குத்தான் வச்சேன். எனக்கு அது அப்படித்தான் கேட்டுச்சு."

மனைவியின் வலது கால் தரையை அழுத்தவில்லை. அவர் கண்ணாடி வழியாகக் கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்" என்றான் மச்சினன்.

"என்ன தெரியும்?"

"உங்களுக்குக் கேக்காதுன்னு. அதான் கத்துறீங்க. அதான் நான் கதவைச் சாத்திக்கிறேன். கதவுக்கு அந்தப் பக்கம் உங்க கொரல் நல்லா இருக்கும்."

இடியார் கண்ணாடியின் இடைவெளிக்குக் குனிந்தார்.

"வாப்பா, இப்ப சத்தம் கொறச்சாச்சு. ஒட்டகம் பல்லிகிட்ட பேசிக்கிட்டிருக்கு."

"புயல் போயிருச்சுல்ல? புயலைப் பாக்காம பல்லிகிட்ட எப்படிப் போறது? அடுத்த தடவ வரேன்." கண்ணாடியை ஏற்றப் போனவன் நிறுத்தினான். "ஆனா சத்தத்தை நீங்க வைக்கக் கூடாது. நான்தான் வைப்பேன்."

மேனேஜரிடம் இடியார் எல்லாவற்றையும் சொன்னார். அவர் ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. "காதுக்கு டாக்டரைப் பாருங்க சார். அதுவரைக்கும் சத்தத்தை வேற யாராவது கேட்டுச் சொல்லட்டும். ரூம் உங்களுதுதான். அந்த மெஷின் நின்னா அதை எழுப்ப வேற யாரு இருக்கா?" என்றார். அதே ஒட்டகப் படத்தையே மறுபடி போட வேண்டும் என்று இடியார் கேட்டபோதுதான் கொஞ்சம் திகைத்தார். பிறகு அதற்கும் சரி என்றார். முதல் தடவை புயலோடு ஓடிப்போனவர்கள் வேறு சிலரும் இருந்தார்களே.

டாக்டர் காதுக்குள் எட்டிப் பார்த்தார், சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார், கடைசியில் இரண்டு காதுக்கும் கடலைப்பருப்பு அளவில் ஒரு கருவி மாட்டிவிட்டார். அதோடு இடியாரின் நிம்மதி போயிற்று. ஃபிரிட்ஜ் பேசிற்று. மின்விசிறி முனகிற்று. செருப்பு கிறீச்சிட்டது. மனைவி காப்பியைக் கலக்கிய கரண்டி டம்ளரில் பட்டபோது அவர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்.

"இந்தக் கரண்டி எப்பவுமே இப்படித்தான் அலறுமா?" என்றவர் தன் குரலையே கேட்டுப் பயந்துபோனார். "நானும் இப்படித்தான் பேசுறேனா?"

"இப்ப கொறச்சுத்தான் பேசுறீங்க" என்றார் மனைவி.

இடியார் பத்திரிகையை எடுத்து ஒரு பக்கம் புரட்டினார். அதுவே கூரையில் மழை விழுந்த மாதிரி இருந்தது. வழக்கம்போல முதுகுக்குப் பின்னால் மனைவியின் அபிப்பிராயம் தொடங்கியது. "கரண்டிக்கே இந்த ஆட்டம். ஊரு காதைப் பஞ்சராக்கினப்ப எங்க போச்சாம் இந்தப் பயம்."

இடியார் திரும்பினார். "பஞ்சரா?"

மனைவியின் வலது கால் தரையை மிதித்த மிதியில் கீழ்வீட்டுக்காரர் மேலே பார்த்திருப்பார். அன்று முதல் அந்தம்மாள் தன் அபிப்பிராயங்களை மனசுக்குள்ளேயே வைத்துக்கொள்ளப் பழக வேண்டியதாயிற்று. அதில் அவருக்கு இன்றுவரை குறை உண்டு.

இரண்டாவது நாள் பாத்திரங்களை மனைவி கழுவிக் கவிழ்த்தபோது இடியார் தாங்கமாட்டாமல் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். மச்சினன் தன் அறையிலிருந்து இதைப் பார்த்தான். எழுந்து போய்த் தன் அலமாரியைத் திறந்து, வேறு யாரையும் தொடவே விடாத தன் ஹெட்ஃபோனை எடுத்துவந்து அத்தான் முன்னால் வைத்தான். "கொஞ்ச நேரம் போட்டுக்குங்க. அப்புறம் குடுத்துடணும்" என்றான். இடியார் அதைப் போட்டுக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்தார். வாழ்நாளெல்லாம் இடி விற்றவருக்கு அமைதி எவ்வளவு பெரிய சுகம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஹெட்ஃபோனைத் திருப்பிக் கொடுக்க மட்டும் நேரமெடுத்துக்கொண்டார். மச்சினன் பக்கத்திலேயே நின்று, கையை நீட்டியபடி காத்திருந்தான்.

அடுத்த இதமான காட்சிக்கு முந்தின நாள் மச்சினன் தியேட்டருக்கு வந்தான். ஆள் இல்லாத அரங்கு. இடியார் மேலே, மேனேஜர் நடுவழியில், மச்சினன் கதவில். மணல்புயலை ஓடவிட்டார்கள். மச்சினன் உள்ளங்கையைக் கீழே தாழ்த்தினான். மேனேஜர் அதை மேலே பார்த்துக் காட்டினார். இடியார் திருப்பினார். கை இன்னும் தாழ்ந்தது. இன்னும் திருப்பினார். கருவி மாட்டிய காதுக்கே புயல் மறைந்து, எங்கோ யாரோ அரிசி புடைப்பது மாதிரி ஆனபோது கை நின்றது. மச்சினன் ஓர் அடி உள்ளே வைத்தான். முதல் இருக்கையைத் தொட்டான். பிறகு அடுத்ததை. இடியார் நகத்தால் கறுப்பு டேப்பைச் சுரண்டி எடுத்து, அடியில் இருந்த எண்ணைப் பார்த்துக்கொண்டார். இனிமேல் அதுதான் ஞாயிற்றுக்கிழமை எண்.

மறுநாள் வந்த கூட்டம் முன்னதைவிடக் குறைவுதான். மேனேஜர் முகத்தில் அது தெரிந்தது. ஆனால் இருக்கைகளை எண்ணும் சிறுமி வந்திருந்தாள். தாடிக்காரப் பெரியவரும் மகளும் வந்திருந்தார்கள். படம் ஆரம்பித்தது. மச்சினன் உட்காரவில்லை. ஓரத்துச் சுவரை ஒட்டி, கதவிலிருந்து திரைவரை, திரையிலிருந்து கதவுவரை நடந்தான். முகம் மட்டும் திரையை விட்டு அகலவில்லை. மணல்புயல் வந்தபோது நடை கொஞ்சம் வேகமாயிற்று, அவ்வளவுதான். பல்லி வந்தபோது சிரித்தான். சிறுமி அவன் பின்னால் சேர்ந்துகொண்டு இருக்கைகளைத் தொட்டபடி நடந்தாள். பெரியவர் ஒட்டகத்துக்குச் சத்தமாக வழி சொல்லிக்கொண்டிருந்தார். டார்ச்காரர் கையில் டார்ச் இருப்பதையே மறந்து அதைப் பாப்கார்ன் கூம்பு மாதிரி பிடித்திருந்தார். இடியார் ஓட்டையில் முகத்தை ஒட்டவைத்துக்கொண்டு, படத்தை விட்டுவிட்டு மச்சினனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒட்டகம் பாலத்துக்கு வந்தது. மச்சினன் நின்றான். கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு திரும்பி, கதவு வழியாக வெளியே போய்விட்டான்.

இடியார் குமிழைப் பார்த்தார். எண் அங்கேயேதான் இருந்தது. இறங்கி ஓடலாம் என்று வாசல்வரை போனார். ஆனால் கீழே பெரியவர் ஒட்டகத்துக்கு இடதுபக்கம் போகச் சொல்லிக்கொண்டிருந்தார், சிறுமி தன் எண்ணிக்கையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்துகொண்டிருந்தாள். இவர்களை விட்டுவிட்டு எப்படிப் போவது? திரும்பி வந்து உட்கார்ந்தார். போகும்போது மச்சினனின் கைகள் எங்கே இருந்தன என்று நினைவுபடுத்திப் பார்த்தார். காதில் இல்லை. பேன்ட் பைக்குள் இருந்தன. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு மிச்சப் படத்தை ஓட்டினார்.

எல்லாரும் போனபிறகு மரத்தடிக்கு விரைந்தார். காரின் கண்ணாடிகள் எல்லாம் இறங்கியிருந்தன. மச்சினன் பின்னிருக்கையில் காலை நீட்டி உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டிருந்தான்.

"என்னப்பா, சத்தமா இருந்துச்சா?"

"இல்ல. நல்லா இருந்துச்சு."

"அப்ப ஏன் பாலத்துலயே வந்துட்ட? கடலே வரலயே இன்னும்."

"போதும்னு தோணுச்சு. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் கொள்ளும். அடுத்த தடவ பாலத்துலேருந்து போடுங்க."

இடியார் மனைவியைப் பார்த்தார். மனைவி உதட்டைக் கடித்துக்கொண்டு ஸ்டியரிங்கைப் பார்த்தார்.

"அப்படிப் போட முடியாதுப்பா. மத்தவங்கள்லாம் மொதல்லேருந்துதான பாப்பாங்க. இது நம்ம வீட்டு டிவியா?"

மச்சினன் யோசித்தான். மரத்தைப் பார்த்தான், தியேட்டர் கதவைப் பார்த்தான். அது இன்னும் திறந்தேதான் இருந்தது.

"அப்ப நீங்க மொதல்லேருந்து போடுங்க. நான் பாலத்துக்கு வரேன்" என்றான். பிறகு முன்னால் சாய்ந்து, "அக்கா, பசிக்குது" என்றான்.